ஊரார் யார்?



இராமாநுசர் பிறந்த ஊராகிய ஸ்ரீபெரும்புதூரின் சுற்றுப்புறம், நெடுங்காலம் ஏரிப் பாசனத்தை நம்பி வாழ்ந்தது. ஒரே தலைமுறையில் அதன் தோற்றம் மாறிவிட்டது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனால்ட்–நிஸான் ஆலை திறக்கப்பெற்றது. ஆலைகள் பெருகின, மக்களும் பெருகினர். இவ்வாறு வளரும் ஊரில் ‘ஊரார்’ என்று யாரைச் சொல்வது? இதுவே நான் இன்று உங்கள் முன் வைக்கும் கேள்வி.

இக்கேள்விக்கு இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரு பழைய விடை உண்டு. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரியவை, இன்றும் இருக்கின்றன. முப்பது குடும்புகளாக ஊரைப் பிரித்துக் குடவோலை முறையில் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்ததை அவை கூறுகின்றன. ஏரியைக் காக்கத் தனி வாரியமே இருந்தது. கணக்குக் காட்டாதவர் மட்டுமல்லர், அவருடைய நெருங்கிய உறவினரும் ஓலையில் பெயர் எழுதத் தகாதவர் ஆயினர். எத்துணைக் கண்டிப்பு, பாருங்கள்!

ஆயினும் வியப்போடு நின்றுவிடலாகாது. அது அந்தணர் ஊர். இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், மறைப் பயிற்சியும் உடைய ஆடவர்க்கே அங்கு இடமிருந்தது. உழுதவனுக்கும் பெண்ணுக்கும் ஓலை இல்லை.

அந்த வேலியை நம் காலத்துச் சட்டம் அகற்றியது. 1992-இன் 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தை ஒட்டி, 1994-இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் பிறந்தது. 2016-இல் பெண்களுக்குப் பாதி இடங்கள் ஒதுக்கப்பட்டன. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். வரவு செலவைக் கேட்கும் உரிமை உடையவர்.

ஆனால் பிற மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வந்து, ஆலைகளில் உழைத்து, வாடகை அறைகளில் வாழ்வோர் பலரின் பெயர் எங்கே இருக்கிறது? சொந்த ஊரின் பட்டியலில். அவர்கள் குடிப்பது இவ்வூர் நீர். நடப்பது இவ்வூர்த் தெரு. பேசுவதற்கோ இவ்வூர்ச் சபையில் இடமில்லை. சொந்த மனை வேண்டுமென்ற பழைய விதி வேறு வடிவில் திரும்பிவிட்டதோ என்று நான் அஞ்சுகிறேன். வழக்கமாக வசிக்கும் இடத்திலேயே பெயரைச் சேர்த்துக்கொள்ளச் சட்டம் இடந்தருகிறது. அதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வோர்தாம் குறைவு.

மாணவர்களே! அந்தப் பணி உங்களுடையது. உங்கள் ஊரின் அடுத்த கிராம சபைக்குச் செல்லுங்கள். ஏரியின் நிலையைக் கேளுங்கள், கணக்கைக் கேளுங்கள். அங்கே வராதவர் யார், ஏன் வரவில்லை என்பதையும் கேளுங்கள். உத்திரமேரூரின் கண்டிப்பை நாம் கொள்வோம். அதன் வேலியைக் கொள்ள வேண்டாம்.