வேலை வேரில் இருக்கிறது



காஞ்சிபுரத்தை அடுத்த ஓரிக்கையில், எங்கள் வயல் வரப்பில் வேலிக்காத்தான் மரம் ஒன்று நின்றது. ஒரு கோடையில் ஆள் வைத்து அதனைத் தரையோடு வெட்டி வீழ்த்தினேன். தொல்லை ஒழிந்தது என்று எண்ணியிருந்தேன். மழைக்காலம் வந்தது. ஒற்றை மரம் நின்ற இடத்தில் பத்துப் பன்னிரண்டு கிளைகள் கிளம்பி, முன்னிலும் அடர்ந்த முட்புதராகிவிட்டது. மரத்தை நான் ஒழிக்கவில்லை, கவாத்துச் செய்திருக்கிறேன்!

தென்மாவட்டத்தார் சீமைக்கருவேல் என்று அழைப்பதும் இம்மரத்தையே. இதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். விறகுப் பஞ்சம் தீர்க்கும் நோக்கத்தோடு 1877-ஆம் ஆண்டளவில் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டது. வறட்சியைத் தாங்கி வளர்ந்து, ஏழை எளியோரின் அடுப்பை எரித்தது. அந்நன்றியை மறத்தல் ஆகாது. ஆயினும், காக்க வந்த வேலியே நாளடைவில் வயலையும் ஏரியையும் ஆற்றுப் படுகையையும் கவர்ந்துகொண்டது.

வெட்டிய மரம் மீண்டும் துளிர்ப்பது ஏன்? அடிமரமும் வேரும் கூடுகின்ற இடத்தில், மண்ணுக்குள், பல மொட்டுகள் உறங்கிக் கிடக்கின்றன. மேல்மரம் போனதும் அவை விழித்தெழுகின்றன. வேரில் சேர்ந்துள்ள உணவு அவற்றை ஊட்டி வளர்க்கிறது. அடிக்கட்டைமேல் தீ மூட்டினாலும், மண்ணுக்குள் இருக்கும் மொட்டுகள் தப்பிவிடுவதுண்டு. ஆதலின், செய்ய வேண்டிய வேலை கிளையில் இல்லை, வேரில் இருக்கிறது.

மறு ஆண்டு, நல்ல மழை பெய்து மண் இளகியிருந்தபோது, தூரைச் சுற்றிப் பள்ளம் பறித்தோம். பக்கவேர்களைக் கோடரியால் துண்டித்துக் கடப்பாரையால் நெம்பி, தூர் முழுவதையும் வெளியே எடுத்தோம். பிறகு பள்ளத்தை மூடினோம். ஒரு தூருக்கு இரண்டு ஆட்களின் அரைநாள் உழைப்பு ஆயிற்று. பரந்த நிலமாயின் இயந்திரமே ஏற்றது.

வெட்டிய முட்களை வரப்பில் குவித்து வைப்பதும் தவறு. அக்குவியல் எலிக்கும் பாம்புக்கும் புகலிடமாகும். அதிலுள்ள நெற்றுகளை ஆடுமாடுகள் விரும்பித் தின்னும். கடினமான விதைகள் செரிக்காமல் சாணத்தோடு வெளிப்பட்டுப் புதிய இடங்களில் முளைக்கும். எனவே, நெற்று முற்றுமுன் வெட்டுதல் நன்று. தடித்த கட்டைகளும் தூரும் விறகாகும்; மூட்டம் போட்டால் நல்ல அடுப்புக்கரியும் ஆகும். அதன்பின் ஈராண்டேனும் அவ்விடத்தைப் பார்த்து, இளஞ்செடிகளைக் கையால் பிடுங்கி, வேம்போ புங்கமோ நட வேண்டும்.

அந்நியக் களைத்தாவரங்களை அகற்றி இயற்கைச் சூழலை மீட்பதற்கான கொள்கையைத் தமிழ்நாடு அரசு 2022-இல் வெளியிட்டது. ஆனால் ஆணை ஒரு நாள் வேலை. கண்காணிப்போ ஆண்டுதோறும் செய்யும் வேலை. இதனை நம் முன்னோர் அறிந்திருந்தனர். ஓரிக்கையிலிருந்து பாலாற்றைக் கடந்து தெற்கே சென்றால் உத்திரமேரூரை அடையலாம். அங்கே முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921-ஆம் ஆண்டுகளுக்குரியவை, ஏரி வாரியத்தைப் பற்றிப் பேசுகின்றன. ஏரியைக் காப்பதற்கென்றே குடவோலையால் ஆண்டுதோறும் ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள்.

உங்கள் பள்ளியோ கல்லூரியோ ஏரிக்கரையைச் சீர்செய்யப் புறப்படும் நாளில், அரிவாளோடு கடப்பாரையையும் எடுத்துச் செல்லுங்கள். அடுத்த ஆண்டும் அதே கரைக்குத் தவறாமல் சென்று பாருங்கள்.