போர்டு சாகவில்லைங்க!

கணபதிப் பட்டறையில் கரண்ட் போனால் லேத் நிற்கும், வந்தால் ஓடும். பயாஸ் எழுதும்போது போனால் கம்ப்யூட்டர் எழுந்திருக்காதுங்க. பக்கத்துப் பம்ப் பட்டறைக்காரர் புதுப் போர்டுக்கே பணம் எண்ணிவிட்டார்! பொறுங்க என்றேன்.

அழிந்தது எழுத்துதான், போர்டு அல்ல. 1999 ஏப்ரல் 26-ல் செர்னோபில் வைரஸ் செய்ததும் அதேதான். அப்போது சிப்பைக் கழற்றி, புரோகிராமரில் வைத்து எழுதினோம். கரண்ட் போன கேஸில் பெரும்பாலும் பூட் பிளாக் தப்பியிருக்கும். பழைய அவார்டு பயாஸில் அதற்கு ஐ.எஸ்.ஏ. டிஸ்ப்ளே கார்டும் ஃபிளாப்பியும்தான் தெரியும். திரை இருட்டானாலும் ஃபிளாப்பி விளக்கு எரிந்தால் உயிர் இருக்குதுங்க.

இன்றைக்கு எட்டுக்கால் சிப். கிளிப் மாட்டியே எழுதலாம். முதலில் உள்ளே இருப்பதைப் படித்துச் சேமியுங்க. பல போர்டுகளில் வரிசை எண்ணும் அதிலேதான் இருக்கும்.