திரையில் கோடு விழுந்தால் கார்டைத் தூக்கி எறியலாமா?

(தொலைக்காட்சி மன்றத்தில் ஆற்றிய உரை)



கணினியைத் திறக்கிறோம். படம் நடுங்குகிறது. குறுக்கே கோடு ஓடுகிறது. சதுரம் சதுரமாகப் பச்சையும் ஊதாவும் சிதறுகின்றன. சற்று நேரத்தில் திரை கறுத்துப் போகிறது. அணைத்துப் போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் வேலை செய்கிறது. மறுநாள் அதே கதை!

உடனே ஊரார் சொல்லும் தீர்ப்பு என்ன? "கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது, புதிது வாங்குங்கள்." நல்ல கார்டு ஒன்று ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டும். பீடோரைச் சுற்றி ரப்பர் நின்ற இடங்களில் இன்று செம்பனை நிற்கிறது. தோட்டத்தை விட்டுத் தாமான் வீட்டுக்கு வந்த குடும்பங்களில், பிள்ளையின் படிப்புக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய கணினிகள் உண்டு. அந்த வீட்டில் ஆயிரம் ரிங்கிட் சாதாரணப் பணமா? புதுக் கார்டைப் போட்ட பிறகும் அதே கோடு ஓடினால் அந்தத் தகப்பனார் யாரிடம் போய்க் கேட்பார்?

நோய் எது, அது எதனால் வந்தது என்று அறிந்த பிறகே மருந்து என்பது வள்ளுவர் காட்டிய வழி. கணினிக்கும் அதுதான் வழி.

படம் திரைக்கு வரும் பாதையைப் பாருங்கள். கார்டை இயக்கும் டிரைவர் என்னும் மென்பொருள் கட்டளை கொடுக்கிறது. கார்டிலுள்ள சில்லு படத்தை வரைகிறது. கார்டின் நினைவகம் அதை வைத்துக்கொள்கிறது. கேபிள் அதைச் சுமந்து செல்கிறது. திரை காட்டுகிறது. இவை எல்லாவற்றுக்கும் பின்னால் மின்சாரம் இருக்கிறது. இதில் எந்தப் படி வழுக்கினாலும் கண்ணுக்குத் தெரிவது ஒரே கோடுதான்.

அப்படியானால் எப்படிப் பிரித்தறிவது? காசில்லாத சோதனை ஒன்று உண்டு. கோடு தெரியும்போதே கணினியில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அந்தப் படத்தைக் கைப்பேசிக்கு அனுப்பிப் பாருங்கள். அதிலும் கோடு இருந்தால் கோளாறு கேபிளுக்கு முன்பே, கார்டிலோ டிரைவரிலோ இருக்கிறது. படம் சுத்தமாக இருந்தால் முதல் சந்தேகம் கேபிள்மீதும் திரைமீதும் விழவேண்டும். வேறு கேபிள் போடுங்கள். வரவேற்பறையிலுள்ள தொலைக்காட்சியில் இணைத்துப் பாருங்கள். இருபது ரிங்கிட் கேபிளுக்காக ஆயிரம் ரிங்கிட் கார்டைக் குற்றவாளி ஆக்கலாமா?

இரண்டாவது சோதனை. கணினி தொடங்கும்போது, விண்டோஸ் வருவதற்கு முன் நிறுவனத்தின் பெயர் தோன்றுமே, அங்கேயே கோடு தெரிகிறதா? தெரிந்தால் அது டிரைவர் கோளாறு அல்ல, கருவிகளில்தான் தேடவேண்டும். விண்டோஸ் வந்த பிறகே தெரிந்தால், டிரைவரை முழுதாக நீக்கிவிட்டு, கார்டு தயாரித்தவரின் தளத்திலிருந்து மறுபடி நிறுவுங்கள். புதுப்பித்த மறுநாள் தொடங்கிய தொல்லை என்றால் பழைய பதிப்புக்கே திரும்புங்கள்.

பத்து நிமிடம் விளையாடிய பிறகுதான் கோடு வருகிறதா? அப்போது சூட்டைச் சந்தேகியுங்கள். நம் ஊர் வெப்பம் தெரிந்ததுதான். சுவரோடு ஒட்டி, பூசை மேடைக்குப் பக்கத்தில், ஊதுபத்திப் புகையையும் தூசியையும் குடித்துக்கொண்டிருக்கும் பெட்டிக்கு மூச்சு எப்படி வரும்? மின்கம்பியைக் கழற்றி, உலோகத்தைத் தொட்டுக் கையிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு, தூசியை நீக்குங்கள். கார்டை எடுத்து மறுபடி அழுத்திப் பொருத்துங்கள். மின் இணைப்பு முழுதாக உள்ளே போயிருக்கிறதா பாருங்கள். 2022-இல் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகள் சிலவற்றில் இணைப்பான்கள் உருகின. செருகி சரியாக உள்ளே போகாததும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. பவர் சப்ளை பலவீனமாக இருந்தாலும் கார்டு தடுமாறும். ஆனால் அந்தப் பெட்டியை மட்டும் வீட்டில் திறக்காதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அதற்குள் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். அதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். கேபிள், டிரைவர், தூசி மூன்றையும் ஒன்றாகச் செய்தால், குணமானது எதனால் என்று தெரியாது. குருவி உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகிவிடும்.

கடைசிச் சோதனை, கார்டையே கழற்றுவது. செயலியில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இருந்தால், திரையைத் தாய்ப்பலகையில் இணைத்து இரண்டு நாள் ஓட்டுங்கள். அந்தக் கார்டை நண்பர் வீட்டுக் கணினியில் போட்டுப் பாருங்கள். கோடு கார்டோடு கூடவே போனால், அப்போது சொல்லலாம் கார்டுதான் என்று.

கார்டே பழுதாவது இல்லையா? உண்டு. 2008 ஜூலையில் என்விடியா நிறுவனமே, தன் முந்தைய சில்லுகள் சிலவற்றின் பொதியமைப்பில் பலவீனமான பொருள் பயன்பட்டதை ஒப்புக்கொண்டு, பழுது செலவுக்கென 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. பெரும்பாலும் மடிக்கணினிகளில் வந்த கோளாறு அது. சூடாகும், ஆறும், மறுபடி சூடாகும். அந்த விரிதலிலும் சுருங்கலிலும் சில்லின் அடியிலுள்ள நுண்ணிய ஈயப் பற்றுகள் விரிசல் கண்டன. அந்நாளில் சிலர் கார்டை அடுப்பில் வைத்துச் சுட்டார்கள். சில நாள் ஓடியது, பிறகு படுத்துவிட்டது. விரிசல் ஆறவில்லை, சூட்டில் தற்காலிகமாக ஒட்டியது, அவ்வளவுதான். சோறு சமைக்கும் அடுப்பில் நச்சுப் புகை வேறு! அதைச் செய்யவே வேண்டாம்.

கார்டுதான் என்று உறுதியானால், முதலில் உத்தரவாத அட்டையைத் தேடுங்கள். கடைக்குப் போகும்போது குறிப்பேட்டையும் படங்களையும் எடுத்துச் செல்லுங்கள். "என்னமோ தெரியல அண்ணே, கோடு வருது" என்று நிற்பவருக்கும், "இதையெல்லாம் மாற்றிப் பார்த்தாச்சு, கோடு கார்டோடதான் வருது" என்பவருக்கும் கிடைக்கும் பதில் ஒன்றாக இருக்காது. உத்தரவாதம் முடிந்திருந்தால், செத்த கார்டைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். 2005-ஆம் ஆண்டு விதிகளின்படி மின்னணுக் கழிவு நம் நாட்டில் எஸ்டபிள்யூ 110 என்ற பட்டியலிட்ட கழிவு. மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படையுங்கள்.

நேயர்களே, மரத்தின் பட்டையைப் பார்த்தே அதன் நோயைச் சொன்னவர்கள் நம் தோட்டத்துப் பெரியவர்கள். பொறுமையாகப் பார்க்கும் அந்தக் கண் நம் பிள்ளைகளுக்கும் உண்டு. பணப்பையைத் திறக்குமுன் அந்தக் கண்ணைத் திறக்கச் சொல்லுங்கள்.