இறக்கிவிட முடியாத உடுப்பு

(திருமலைராயன்பட்டினத்தில், எங்கள் குடியிருப்புப் படிப்பகத்தில், அம்பேத்கர் பிறந்த நாளன்று பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



என்னைக் கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டார்கள். நான் கவிதை எதுவும் கொண்டு வரலை. கொஞ்ச நாளாக நம்ம தெருப் பெரியவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டு திரிந்தேன். "ஒங்க வயசுக் காலத்துல, ஊரே திரும்பிப் பாக்கும்னு தெரிஞ்சும் துணிஞ்சு போட்ட உடுப்பு எது?" வந்த பதில்களைத்தான் உங்கள் முன் வைக்கப் போகிறேன்.

இந்தக் கேள்வியை வார இதழ்களிலிருந்துதான் எடுத்தேன். அறுபதுகளில் கையில்லாத ஜாக்கெட் போட்டேன், எழுபதுகளில் பெல்பாட்டம் போட்டேன், அப்பா திட்டினார், பாட்டி முகத்தைச் சுளித்தாள் என்று வயதானவர்கள் சிரித்துக்கொண்டே சொல்லுவார்கள். படிக்க நன்றாகத்தான் இருக்கும். அங்கே துணிச்சலுக்குக் கொடுக்கிற விலை அப்பாவின் திட்டு. நம்ம தெருவில் அதே கேள்வியைக் கேட்டேன். ஒருத்தர் "செருப்பு" என்றார். இன்னொருத்தர் "சட்டை" என்றார். என் அப்பாயி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு "ரவிக்க" என்று சொல்லுச்சு.

அப்பாயிக்குப் பதினாறு வயசு. பிரெஞ்சுக்காரன் நிர்வாகத்தைக் கொடுத்துவிட்டுப் போனது 1954 நவம்பரில். அதற்கு அப்புறம் வந்த ஒரு மாசி மகம். அப்பாயியின் தாய்மாமன் பினாங்கிலிருந்து ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்கியவர், பூப்போட்ட சீட்டித்துணி ஒரு துண்டு கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். தைக்க யார் இருக்கிறார்கள்? உள்ளூரில் நம்ம உடம்பைத் தொட்டு அளவெடுக்க ஆள் கிடையாது. நாகூருக்கு நடந்து போனார்கள். பாய் வீட்டம்மா உள்ளே கூப்பிட்டு, நூலை வைத்து அளந்து, பாயிடம் சொல்லித் தைத்துக் கொடுத்தார்களாம். அதுவும் பப் கை வைத்து!

மாசி மகத்துக்குத் திருக்கண்ணபுரத்திலிருந்து சௌரிராஜப் பெருமாள் நம்ம கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருவார். பட்டினச்சேரி மீனவ சனங்கள் அவரை மாப்பிள்ளை என்று கொண்டாடுவார்கள். அன்றைக்குக் கும்பல் அதிகம், யாரும் யாரையும் உற்றுப் பார்க்க முடியாது. அந்தக் கணக்கில்தான் அப்பாயி ரவிக்கையைப் போட்டுக்கொண்டு கடலுக்குப் போனது. திரும்பி வரும்போது சேரி முனைக்கு முன்னாலேயே, கருவேலம் புதர் ஓரமாக நின்று, கழற்றி மடியில் சுருட்டிக்கொண்டது. ஏன் அப்பாயி என்று கேட்டேன். "காரியக்காரன் பாத்தா மறுநா நடவுக்குக் கூப்புட மாட்டான்டா. கூலி போயிடும்."

நான் உடனே என் இயக்க மூளையைப் பயன்படுத்தி, "அப்போ அது ஒரு எதிர்ப்புதானே அப்பாயி?" என்றேன். அது சிரிச்சுது. "எதிர்ப்பாவது ஒண்ணாவது. அழகா இருந்துச்சு. அதான் போட்டேன்."

தோழர்களே, இந்தப் பதில் என்னைத் தூங்கவிடவில்லை. நாம் எல்லாவற்றுக்கும் கலகம் என்று பெயர் வைத்துவிடுகிறோம். அழகாக இருக்க ஆசைப்பட்டது, அவ்வளவுதான். அந்த ஆசைக்கே கூலி போகும் என்ற நிலையை உண்டாக்கி வைத்தவர்கள் வேறு ஆட்கள்.

அவர்கள் இதை வாய்ப்பேச்சாக மட்டும் வைத்திருக்கவில்லை, பட்டியலே போட்டார்கள். 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் தன் சாதி பற்றிய புத்தகத்தில் அதைப் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை கூடாது. ஆணின் துணி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது, இடுப்புக்கு மேலே ஏறக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. முடியைக் கிராப்பு வெட்டக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மார்பை மறைக்கக் கூடாது. பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது. மீறினவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. எட்டையும் எண்ணிப் பாருங்கள், பாத்திரம் ஒன்றைத் தவிர மீதி எல்லாம் உடம்பில் போடுவது, பூசுவது, பிடிப்பது. நாகரிகம் என்பதைக் கடை வியாபாரமாக அவர்கள் நினைக்கவில்லை. அதிகாரம் என்று சரியாகவே புரிந்துவைத்திருந்தார்கள்.

"அது ராமநாதபுரம், நாம பிரெஞ்சு மண்ணு" என்று இங்கே சிலர் பெருமை பேசுவார்கள். பிரெஞ்சு மண்ணிலும் ஒரு செருப்புக் கதை உண்டு. 1873இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பியர் மாதிரி சப்பாத்து போட்டுக்கொண்டு புதுச்சேரி நீதிமன்றத்துக்குள் போனார். இந்தியனுக்கு அனுமதி இல்லை என்று தடுத்தார்கள். அவர் விடவில்லை. பாரிஸ் வரைக்கும் வழக்கை இழுத்து ஜெயித்தார். நல்ல காரியம், மறுக்கலை. ஆனால் "செருப்பு" என்று எனக்குப் பதில் சொன்னாரே நம்ம தெருப் பெரியவர், அவர் மிராசுதார் தெருவைத் தாண்டுகிற வரைக்கும் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தவர். வெள்ளைக்காரன் தடுத்த சப்பாத்துக்குப் பாரிஸ் இருந்தது. உள்ளூர்க்காரன் தடுத்த செருப்புக்கு எந்த ஊர் கோர்ட்டுக்குப் போவது?

இனி பெரியப்பா கதைக்கு வருகிறேன். இங்கேதான் இருக்கிறார். அவர் சம்மதத்தோடுதான் சொல்கிறேன்.

1973இல் 'உலகம் சுற்றும் வாலிபன்' வந்தது. அடுத்த வருஷம் பெரியப்பா காரைக்காலில் சித்தாள் வேலை பார்த்துச் சேர்த்த காசையெல்லாம் போட்டு ஒரு பெல்பாட்டம் தைத்தார். யானைக்கால் மாதிரி கீழே விரிந்த பேன்ட், காதுக்குக் கீழே கிருதா, கூலிங்கிளாஸ். அந்தக் கோலத்தில் கடைத்தெரு வழியாக நடந்திருக்கிறார். டீக்கடையில் ஒருத்தர், "என்னடா, தெருவக் கூட்டுறியா?" என்று கேட்டாராம். இன்னொருத்தர் பேன்ட்டின் அடிப்பக்கத்தைச் செருப்புக் காலால் மிதித்து நிறுத்தினாராம். பெரியப்பா இழுத்தார், தையல் பிரிந்தது. வீட்டுக்கு வந்து ஊசிநூல் வாங்கித் தைத்துக்கொண்டு மறுநாளும் அதே தெருவில் போனார்.

ஒரு பேன்ட்டுக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம்? நான் யோசித்துப் பார்த்தேன். வேட்டி, கைலி எல்லாம் பணிந்து போகத் தெரிந்த உடுப்பு. ஆண்டை எதிரே வந்தால் மடித்துக் கட்டியதை அவிழ்த்துவிடணும். தோளில் கிடக்கிற துண்டு கக்கத்துக்குப் போகணும், இல்லை இடுப்புக்கு இறங்கணும். நீங்கள் வாயைத் திறக்க வேண்டியதில்லை, துணியே கும்பிடு போட்டுவிடும். பேன்ட்டில் இறக்கிவிட ஒன்றுமில்லை. அதைப் போட்டவன் ஆண்டை முன்னால் வெறுமனே நிற்கத்தான் முடியும். அந்த நிற்பதைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை.

இதெல்லாம் பழங்கதை என்று மாணவத் தோழர்கள் நினைக்கலாம். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்தில் நத்தம் காலனி உட்பட மூன்று தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. அதற்கு அடுத்த மாதங்களில் பா.ம.க. நிறுவனர் ராமதாஸ் என்ன பேசினார்? தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் கூலிங்கிளாஸும் போட்டு மற்ற சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்று. 1930க்கும் 2012க்கும் நடுவே 82 வருஷம். பட்டியலில் துணியின் பெயர்தான் மாறியிருக்கிறது.

ஆனால் இன்றைக்கு நான் பேச வந்தது அவர்களைப் பற்றி மட்டுமில்லை. போன மாதம் பெரியப்பாவின் பேத்தி கல்லூரிக்கு ஜீன்ஸ் போட்டுக்கொண்டு கிளம்பினாள். பெல்பாட்டம் பெரியப்பா திண்ணையிலிருந்து எழுந்து, "பொட்டப்புள்ளக்கி என்ன இது, போயி மாத்திட்டு வா" என்றார். அவள் அழுதுகொண்டே உள்ளே போனாள். "ஒங்க பேன்ட்டும் இதுவும் ஒண்ணுதானே பெரியப்பா?" என்று கேட்டேன். "அது வேற, இது வேற" என்றார். என்ன வேறு என்று கேட்டதற்குப் பதில் இல்லை. தெருவில் பேன்ட்டை மிதித்து நிறுத்தின காலுக்கும், திண்ணையில் பேத்தியை நிறுத்தின வாய்க்கும் எவ்வளவு தூரம் என்று அவர்தான் சொல்ல வேண்டும். நம்ம வீட்டு ஆண்கள் எல்லாரும் சொல்ல வேண்டும்.

அப்பாயிதான் குறுக்கே பேசுச்சு. "இவன் அந்த யானக்கால் பேன்ட்ட மாட்டுனப்ப நானுந்தான் திட்டுனேன். கோவத்துல இல்லடா, பயத்துல. அடிச்சிப் போட்டுருவானுவளேன்னு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, இன்னொன்றும் சொல்லுச்சு. "போடட்டும். ஆனா கிழிஞ்சதக் காசு குடுத்து வாங்குறாளுவளே, அதுதான் எனக்குப் புரியல. கிழிசல்லேர்ந்து தப்பிக்கத்தானே நாங்க அம்புட்டுப் பாடுபட்டோம்?" இதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் அப்பாயியிடம் சொல்லுங்கள்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லணும். வங்கியில் என்னோடு வேலை செய்கிறவர்கள் சித்திரை வெயிலில் அரைக்கைச் சட்டையை வெளியே விட்டுக்கொண்டு வருகிறார்கள். நான் முழுக்கைச் சட்டை, இஸ்திரி, இன் பண்ணி, ஷூ. ஒருநாள் கவுன்டரில் ஒருத்தர் பேச்சுவாக்கில் என் தெருவைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, "பாத்தா தெரியலையே சார்" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். என் ஒழுங்கான சட்டைக்குள்ளே இன்னும் பயம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. 1927 டிசம்பரில் மகத் மாநாட்டில் அம்பேத்கர் பெண்களிடம் பேசும்போது, தீண்டப்படாதவர் என்று காட்டிக்கொடுக்கிற உடுத்தும் முறையையும் கனத்த வெள்ளி நகைகளையும் விடச் சொன்னார். அவர் கோட்டு போட்டது அடையாளத்தைக் கழற்ற. நம்ம பிள்ளைகள் வேண்டுமென்றால் கோட்டு போடட்டும், வேண்டாம் என்றால் கலைந்த சட்டையோடும் போகட்டும். பயமில்லாமல் கலைந்திருக்க முடிகிறதும் விடுதலைதான்.

ஒரு வேலை தருகிறேன். வீட்டுக்குப் போய் உங்கள் மூத்தவர்களிடம் அதே கேள்வியைக் கேளுங்கள். எந்த வருஷம், என்ன துணி, யார் தைத்தது, யார் திட்டினது, எங்கே கழற்றி ஒளித்தார்கள் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். நம்ம வரலாறு கல்வெட்டில் இல்லை. அப்பாயிகளின் மடியில் சுருட்டி வைத்திருக்கிறது.

நாளைக் காலையில் காரைக்கால் பஸ்ஸுக்கு அந்தப் பிள்ளை ஜீன்ஸ் போட்டுக்கொண்டு நிற்கப் போகிறாள், என்னிடம் சொல்லிவிட்டாள். பெரியப்பா திண்ணையிலிருந்து பார்க்கத்தான் போகிறார். எந்தப் பார்வை பார்ப்பது என்று அந்தக் கடைத்தெருவில் நடந்த ஆளுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஜெய் பீம்.