கருவண்டின் பணி



குச்சவெளி போன்ற வறண்ட கரையோரங்களில் பூக்கும் ஆவாரையை அறிவீர்கள். அப்பூவில் தேன் இல்லை. மகரந்தமோ நுனியில் சிறு துளையுள்ள பைகளில் அடைபட்டுள்ளது. கருவண்டு பூவைப் பற்றி, உடலை அதிரச் செய்து ரீங்கரிக்கும்போது, அது உதிர்ந்து வண்டின் மேனியில் ஒட்டுகிறது. அடுத்த பூவைச் சேர்ந்து காயாகிறது. தேனீக்கு அவ்வதிர்வு இயலாது. ‘அந்நஹ்ல்’ என்று தேனீயின் பெயரால் 16ஆம் அத்தியாயத்தை அருளிய அல்லாஹ், இப்பூவுக்கெனக் கருவண்டையும் படைத்துள்ளான்.

பெற்றோர்களே, இளைஞர்களே! கருவண்டு காய்ந்த மரத்தைத் துளைத்தே குடியிருக்கிறது. வீணாகப் பற்றைக்குத் தீ வைத்தால், அதன் வீடும் பூவின் சந்ததியும் சேர்ந்தே அழியும். இப்பூமி நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம், அதனைப் பேணுவோமாக.