மோட்டாருக்கும் ஒரு சேமிப்புக் கணக்கு
(பூந்தமல்லி வட்டாரக் கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



போன கூட்டத்துல ஒரு அக்கா கேட்டாங்க: "குழுவில் கடன் வாங்கி மாடு வாங்கறோம், தையல் மெஷின் வாங்கறோம். நாமே சேர்ந்து தெருவுக்கு ஒரு போர் போட்டு குழாய் விட்டா என்ன?" நல்ல கேள்வி. செய்யலாம். ஆனா அதுல எங்க தெரு பட்ட பாட்டை முதல்ல சொல்லிடறேன்.

எங்க மனைப்பிரிவுல ஆரம்பத்துல 40 வீடு. வீட்டுக்கு 5,000 ரூபாய் போட்டு போர் இறக்கினோம், தொட்டி கட்டினோம், சங்கமும் பதிவு செய்தோம். மாதச் சந்தா கரண்டு பில்லுக்கும் மோட்டார் போடுறவர் சம்பளத்துக்கும் சரியாப் போச்சு. லாபத்துக்கு நடத்தற சங்கம் இல்லையே என்று மிச்சமே வைக்கலை. லாபம் வேண்டாம் என்பது வேறு, சேமிப்பு வேண்டாம் என்பது வேறு. குழு நடத்தற நமக்கே அது தோணலை பாருங்க!

சுத்தி இருந்த வயலெல்லாம் பிளாட் ஆச்சு. 40 வீடு 70 ஆச்சு. புதுசா வந்தவங்ககிட்ட பைப்புச் செலவை மட்டும் வாங்கிக்கிட்டு இணைப்பு கொடுத்தோம். 2019 கோடையில சென்னைக்குத் தண்ணி தர்ற ஏரிகள் வறண்டது ஞாபகம் இருக்கும். நம்ம செம்பரம்பாக்கமே தரை தெரிஞ்சது. அந்த மாசம் போர்ல தண்ணி மட்டம் இறங்கி, மோட்டார் காத்து இழுத்து எரிஞ்சு போச்சு. சங்கத்து நோட்டுல பணம் இல்லை. லாரித் தண்ணிக்குக் குடத்தோட நின்னோம். பழைய வீட்டுக்காரங்க புது வீட்டுக்காரங்களைக் குறை சொல்ல, பேச்சுவார்த்தையே நின்னு போச்சு.

கணக்குப் போட்டா தப்பு எங்கேன்னு தெரியும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர், வீட்டுக்கு 5 பேர்னு வெச்சா, 40 வீட்டுக்கு 11,000 லிட்டர். 70 வீட்டுக்கு 19,250 லிட்டர். போர் அதே போர்தான். மோட்டார் விலை 42,000 ரூபாய், அது 5 வருஷம் உழைக்கும்னு வெச்சுக்குங்க. மாசம் 700 ரூபாய் எடுத்து வைக்கணும். 70 வீட்டுக்குப் பங்கிட்டா வீட்டுக்கு 10 ரூபாய்தான்! அந்தப் பத்து ரூபாயை நாங்க கேட்காததால ஒரு கோடை முழுக்க லாரிக்குக் கொடுத்தோம்.

கேரளாவில் கோழிக்கோடு பக்கத்தில் ஒளவண்ணா என்று ஒரு பஞ்சாயத்து. மேட்டுப் பகுதியில் குடியிருந்தவங்க சங்கம் சேர்ந்து, பணம் போட்டு, தாழ்வான இடத்தில் கிணறு வெட்டி, மேட்டுத் தொட்டிக்கு ஏத்தி வீட்டுக்கு வீடு குழாய் விட்டாங்க. அதையெல்லாம் பார்த்துத்தான் 2000-ல் கேரள அரசு உலக வங்கிக் கடனோட ஜலநிதித் திட்டத்தைத் தொடங்கியது. கட்டுமானச் செலவில் அரசு 75 பங்கு, பஞ்சாயத்து 10 பங்கு, பயன்படுத்தும் குடும்பங்கள் 15 பங்கு. ஆனா ஓட்டற செலவு முழுக்க சங்கத்தோடது. அங்கேயும் பெரிய ரிப்பேர் வந்தப்போ கையில பணமில்லாம திண்டாடின சங்கங்கள் உண்டு.

அதனால போர், தொட்டி மாதிரி பெரிய செலவுக்குக் குழுக் கடன் வாங்காதீங்க என்பது என் கருத்து. அமெரிக்கக் கிராமங்களிலும் லாப நோக்கமில்லாத தண்ணீர்ச் சங்கங்கள் இருக்கு. அவங்களுக்கு அந்த அரசு 40 வருஷம் வரைக்கும் தவணை கொடுக்குது. பேரன் பேத்தி காலம் வரை ஓடற குழாய்க்கு அதுதான் நியாயம். நம்ம குழுக் கடனோ சில வருஷத்துல கட்டி முடிக்கணும். திருச்சியில கார்டியன் என்ற நிறுவனம் 2007 முதல் பெண்கள் குழுக்களுக்குக் குடிநீர் இணைப்புக்கும் கழிப்பறைக்கும் கடன் கொடுக்குது. அது வீட்டுக் குழாய்க்குச் சரி, தெருவுக்கே போர் போட ஆகாது.

பெரிய செலவை ஊராட்சிகிட்டதான் கேட்கணும். 2019-ல் வந்த ஜல் ஜீவன் திட்ட விதியில், ஊருக்குள்ள போடற குழாய் வேலைக்கு மக்கள் பங்கு பொதுவா 10 சதவீதம். அதை உழைப்பாகவும் கொடுக்கலாம். வேலை முடிஞ்சதும் திடீர்ச் செலவுக்குச் சுழல் நிதி தரவும், தண்ணீர்க் குழுவில் பாதிப் பேராவது பெண்களா இருக்கவும் அதில் வழி உண்டு. கிராமசபையில் இதைக் கேளுங்க. ஆவடி, அம்பத்தூர் சகோதரிகள் மாநகராட்சிக்குள்ள வந்துட்டதால அவங்க வார்டு அலுவலகம்தான் போகணும்.

எங்க தெருவுல இப்போ மோட்டாருக்குத் தனி வங்கிக் கணக்கு இருக்கு. இரண்டு பேர் கையெழுத்து இல்லாம எடுக்க முடியாது. புது வீட்டுக்காரர் பைப்புச் செலவோட 5,000 ரூபாய் பங்கும் கட்டணும். ஒரேயடியா முடியாதவங்க பத்து மாசத்துல கட்டறாங்க.

உங்க ஊர்லயும் இப்படிச் சங்கம் இருந்தா, மோட்டார் எந்த வருஷம் இறக்கினது, அப்புறம் எத்தனை வீடு சேர்ந்தது, கையிருப்பு எவ்வளவுன்னு எழுதிக்கிட்டு அடுத்த கூட்டத்துக்கு வாங்க. உட்கார்ந்து கணக்குப் போடலாம்.