வயல் ஓரம் யாருக்கு?

நீலகிரி சர்ச்சுகள்ல அறுப்பின் பண்டிகை பாத்திருப்பீங்க. கேரட், முட்டைக்கோஸ், தேயிலை எல்லாம் காணிக்கையா வரும், அப்புறம் ஏலம். வேதாகமத்துல இதுக்கு முன்னோடி, வாரங்களின் பண்டிகை.

லேவியராகமம் 23 படி, ஏழு வாரம் எண்ணி, ஐம்பதாவது நாள் புது மாவுல சுட்ட இரண்டு புளித்த அப்பங்களைப் படைக்கணும். கிரேக்கத்துல ‘ஐம்பதாவது’ங்கிற சொல்தான் பெந்தெகொஸ்தே. பரிசுத்த ஆவியானவர் இறங்கினதும் அதே நாள்லதான். பல தேசத்துல இருந்து வந்தவங்க, அவங்கவங்க மொழியிலயே செய்தியைக் கேட்டாங்க. அன்னைக்குச் சேர்ந்தவங்க சுமார் 3000 பேர். திருச்சபையோட முதல் அறுவடை அது.

ஆனா அந்தக் கட்டளை காணிக்கையோட முடியல. 22-ஆம் வசனம் பாருங்க: வயல் ஓரத்தை முழுசா அறுக்காதே, சிந்தின கதிரைப் பொறுக்காதே, எளியவருக்கும் பரதேசிக்கும் விட்டுடு. இங்க பரதேசின்னா, வேற தேசத்துல இருந்து வந்து தங்கினவர். மோவாப் பெண் ரூத் அப்படிக் கதிர் பொறுக்கித்தான் மாமியாரையும் காப்பாத்தினாங்க.

நம்ம மலையில அது யாரு? 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தால இலங்கையை விட்டு வந்த தமிழர்கள். அவங்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல அரசு தேயிலைத் திட்டம் வந்துச்சு, இன்னைக்கு அது டான்டீ. இப்போ ஜார்க்கண்ட், அஸ்ஸாம் ஆட்களும் கொழுந்து பறிக்கிறாங்க.

ஏலத்துல முட்டைக்கோஸை ஆயிரம் ரூபாய்க்கு எடுங்க, சந்தோஷம். கூடவே, அந்தத் தொழிலாளியோட பிள்ளைக்கு வாரம் ஒரு மணி நேரம் கணக்கு சொல்லிக்கொடுக்க முடியுமா? நம்மகிட்ட வயல் இல்ல. ஓரம் இருக்கு.